ஏழாம் தடத்துக் கூடை

ஆடப் போகும் ஓர் ஊருக்கு மூன்று களங்கள். தோழிகள் விர்பியும் தார்யாவும் பதினோரு வருஷமாக மாற்றாத விதி அது. மூன்றில் ஒன்று உயிரை வாங்க வேண்டும், ஒன்று கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும், ஒன்று ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், ஊர் திரும்பும் நாளில் ஆடிவிட்டு ஓடிப்போய் வண்டி பிடிக்கத் தோதாக. இன்னொரு விதியும் இருந்தது. இருவரும் பெரிதாக மதித்தது அதைத்தான். புதிய களம் எதுவானாலும் முதல் காலடியை இருவரும் சேர்ந்தே வைக்க வேண்டும்.

வட்டெறிந்து ஆடுகிறவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். ஆட்டம் பார்க்க எளிமையானது. சாப்பாட்டுத் தட்டளவு வட்டை எறிமேடையிலிருந்து வீசி, காட்டுக்குள்ளோ புல்வெளியிலோ நிற்கும் இரும்புக் கூடையில் விழவைக்க வேண்டும். கூடைக்கு மேலே தொங்கும் சங்கிலிகள் வட்டைப் பிடித்து உள்ளே இறக்கும். குறைந்த எறிகளில் பதினெட்டுத் தடங்களையும் முடிப்பவர் கெட்டிக்காரர். ஆனால் ஒரு களத்துக்கு இரண்டாவது முறை போகிறவர் வேறு ஆட்டம் ஆடுகிறார். எந்த மரம் வட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், எந்தச் சரிவு அதை உருட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் தள்ளும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாத களம் ஒரே ஒரு முறைதான் தெரியாத களமாக இருக்கும். அந்த ஒரு முறையை யாரோடு செலவழிப்பது என்பது சின்ன விஷயமில்லை. விர்பியும் தார்யாவும் அப்படித் தொண்ணூற்றாறு களங்களைச் சேர்ந்து பார்த்திருந்தார்கள்.

தொண்ணூற்றாறோடு நின்றுபோனதற்குக் காரணம் விர்பியின் முழங்கால். சென்ற ஆண்டு பிப்ரவரியில், அவள் வேலை பார்க்கும் கயானி நகராட்சியின் நில அளவை அலுவலகத்து வாசற்படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்ததில் தசைநார் அறுந்தது. அறுவை முடிந்து மயக்கம் தெளிந்தபோது கட்டில் ஓரத்தில் தார்யா உட்கார்ந்து உப்பு அதிமதுர மிட்டாய் மென்றுகொண்டிருந்தாள். "நீ நடக்கிற வரைக்கும் நானும் புது கோர்ஸ் எதுலயும் கால் வைக்கமாட்டேன். சத்தியமா," என்றாள். விர்பி கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

அதற்குப் பிறகு பதினாறு மாதங்கள். காலை நீட்டி ஸ்டூலில் வைத்துக்கொண்டு விர்பி செய்த ஒரே உருப்படியான காரியம், ஹெல்சின்கியின் களங்களைப் படித்தது. வரைபடம் அவளுக்குத் தொழில். ஒவ்வொரு களத்தின் உயரக்கோடுகளையும் பார்த்தாள். ஆடியவர்கள் எழுதிய முந்நூற்றுச் சொச்சம் கருத்துகளை வாசித்தாள். கருத்தை எப்படி வாசிப்பது என்பதே ஒரு வித்தை. 'ஒரே புதர்' என்று ஒருவர் எழுதினால் அவர் மோசமாக எறிந்திருக்கிறார் என்று பொருள். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் அதையே எழுதினால்தான் அங்கே புதர் இருக்கிறது என்று பொருள். எறிமேடை சிமெண்டா, செயற்கைப் புல் பாயா, எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும் என்பது வரை சலித்து, ஆறு களங்களை வரிசைப்படுத்தினாள். கடைசி இடத்திலிருந்து தொடங்கி, வாரம் ஒன்றாக, ஞாயிறுதோறும் தார்யாவுக்குக் காரண காரியத்தோடு எழுதி அனுப்பினாள். பட்டியலின் முதல் இடம் சூசிமாகி. கடைசி இடம் ராந்தபெல்தோ. அதற்குப் பக்கத்தில் 'வேறு வழியே இல்லையென்றால்' என்று குறித்திருந்தாள்.

இப்போது ஜூன். வெள்ளிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு ஹெல்சின்கி விடுதி அறையில், இரட்டைக் கட்டிலில் ஒன்றின் மேல் வட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு விர்பி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கே சூசிமாகி போயிடலாம். உள்ளூர்க்காரங்க ஆறு மணிக்கு மேலதான் வருவாங்க. நாளைக்கு சனிக்கிழமை, ஒவ்வொரு தடத்துலயும் கால் மணி நேரம் வரிசைல நிக்கணும்," என்றாள்.

தார்யா ஜன்னலருகே நின்று கொசு மருந்து பூசிக்கொண்டிருந்தாள். "அது எதுக்குடி முதல்லயே? பட்டியல்ல இருக்கிற பிட்கநீத்து போலாம். சமதரை, உன் முட்டிக்கு நல்லது."

"என் முட்டியை டாக்டரே விட்டுட்டார், நீ ஏன் இன்னும் பிடிச்சிட்டிருக்க?"

"சூசிமாகில நாலாவது தடத்துப் பாய் ஈரமானா வழுக்கும்."

"மழையைக் காட்டு, நான் பயப்படறேன்."

"அஞ்சு மணிக்கு மேல ஆறாவதுல வெயில் நேரா கண்ணுல அடிக்கும்."

விர்பி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. அவள் எழுதி அனுப்பிய நீளக் கடிதங்களுக்கெல்லாம் தார்யா ஒரு கட்டைவிரல் படத்தைத்தான் பதிலாக அனுப்புவாள். படிக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. ஆறாம் தடத்து வெயில் வரை தெரிந்து வைத்திருக்கிறாளே. தான் அதை எழுதியதாக நினைவில்லை, ஆனால் முந்நூறு கருத்துகளில் எங்கோ இருந்திருக்கும்.

"எல்லாத்தையும் படிச்சுட்டு, படிக்காத மாதிரி நடிச்சிருக்க. கள்ளி. கிளம்பு, கிளம்பு."

தார்யா வாயைத் திறந்தாள். பிறகு காலணியைத் தேடப் போய்விட்டாள்.

டிராமிலிருந்து இறங்கிப் பத்து நிமிட நடை. சூசிமாகி விர்பி நினைத்ததைவிட நன்றாக இருந்தது. பாறையும் பைனும் கலந்த மேடு, தரையெங்கும் காட்டு பெர்ரிச் செடி, எங்கோ கீழே நெடுஞ்சாலையின் இரைச்சல். முதல் தடத்தில் அவள் எறிந்த வட்டு இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து போனபோது, பதினாறு மாதம் ஸ்டூலில் கிடந்த கால் தன்னுடையதுதானா என்று தோன்றியது.

"பாத்தியா?"

"பாத்தேன் பாத்தேன். மரம் பயந்து ஒதுங்கிடுச்சு," என்றாள் தார்யா.

நான்காம் தடத்தில் பாய் காய்ந்து கிடந்தது. ஆறாம் தடத்தில் வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. விர்பி கையால் நிழல் கட்டிக்கொண்டு, "சொன்ன மாதிரியே," என்றாள். அந்தத் தடத்தைத் தார்யா ஓர் எறி குறைவாக முடித்தாள். குறைவாக முடித்தவர் அடுத்த தடத்தில் முதலில் எறிய வேண்டும் என்பது ஆட்ட மரபு.

ஏழாம் தடம் குருட்டுத் தடம். எறிமேடையிலிருந்து பார்த்தால் ஒரு பாறை முதுகு மட்டும்தான் தெரியும். கூடை அதற்கு அப்பால் எங்கோ. இப்படிப்பட்ட இடங்களில் புதிதாக வருகிறவர்கள் இரண்டு காரியம் செய்வார்கள். முதலில் எறிமேடைப் பக்கத்துப் பலகையைப் பார்ப்பார்கள். அதில் தடத்தின் படமும், கூடை நிற்கக்கூடிய இரண்டு இடங்களுக்கு இரண்டு துளைகளும் இருக்கும். எந்தத் துளையில் சிவப்பு முளை செருகியிருக்கிறதோ அங்கே இப்போது கூடை நிற்கிறது என்று அர்த்தம். அது போதாதென்று மேட்டின் மேல் ஏறிப் போய் ஒரு முறை கண்ணாலும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். தொண்ணூற்றாறு களங்களிலும் அவர்கள் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

விர்பி குனிந்து முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது தார்யாவின் கையில் பச்சை வட்டு இருந்தது. அது வலப்பக்கம் சாயும் வட்டு. வலக்கைக்காரர் எறியும் சாதாரண வட்டு, வேகம் குறையும்போது தானாக இடப்பக்கம் வளைந்து இறங்கும். எதுவும் தெரியாத இடத்தில் எல்லாரும் அந்தச் சாதாரண எறியைத்தான் எறிவார்கள். வலப்பக்கம் வளைந்துகொண்டே போக வேண்டுமானால் அதற்கென்று ஒரு வட்டை எடுத்து, மணிக்கட்டைச் சாய்த்து, மனசில் ஓர் இடத்தை வைத்துக்கொண்டு எறிய வேண்டும். தார்யா பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு எட்டு வைத்து எறிந்தாள். பச்சை வட்டு பாறை முதுகைத் தாண்டி, வலப்புறம் வழிந்து, மறைந்தது.

"ஏறிப் பாக்க வேண்டாமா?" என்றாள் விர்பி.

"கை துறுதுறுன்னுது."

விர்பி பலகையைப் பார்த்தாள். சிவப்பு முளை இடப்பக்கத் துளையில் இருந்தது. அவள் இடப்பக்கம் பார்த்து எறிந்தாள். இருவரும் மேடேறினார்கள்.

கூடை இடப்புறச் சரிவில், இளம் பைன்களுக்கிடையே நின்றது. விர்பியின் வட்டு அதற்குப் பத்தடி முன்னால் கிடந்தது. தார்யாவின் வட்டு வலப்புறம், ஒரு பெரிய பாறாங்கல்லுக்குப் பின்னால், இருபத்தைந்து மீட்டர் தள்ளிக் கிடந்தது. விர்பி அங்கே போய் நின்றாள். பாறாங்கல்லுக்குப் பின்னால் வட்டமாகப் புல் செத்த தரை. அதன் நட்டநடுவில், தரை மட்டத்தில் புதைத்த ஓர் இரும்புக் குழாய், வாயில் கறுப்பு மூடி. கூடைக் கம்பத்தைச் செருகுகிற குழாய். பச்சை வட்டு அந்த மூடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது.

பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. எழுபது தாண்டிய ஒருவர், சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு மேட்டில் வந்து நின்றார். தனியாக ஆடுகிறவர். வேகமாக வந்துவிட்டார்.

"இது யாரோட டிஸ்க்?" என்றார்.

"என்னோடதுங்க," என்றாள் தார்யா.

"இந்த எறிக்கு நான் ரெண்டு வருஷம் பாடுபட்டேன்மா. என் பேரு ஆர்வோ, இங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா என்ன பண்றது, கூடை மே மாசமே வீடு மாத்திடுச்சு." அவர் செத்த தரையைக் காலால் காட்டினார். "நாங்க மிதிச்சு மிதிச்சு வேரெல்லாம் வெளியே வந்துடுச்சு. பாசி வளரட்டும்னு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுட்டாங்க. பலகையைப் பாக்கலையா?"

"காத்து அடிச்சுத் தள்ளிடுச்சு," என்றாள் தார்யா.

ஆர்வோ சுற்றுமுற்றும் பார்த்தார். "காத்தா? கொசுவே நேர்கோட்டுல பறக்குதேம்மா."

தனியாக வருகிறவரை முன்னே விடுவது மரியாதை. விர்பி கையைக் காட்டினாள். அவர் எறிந்து, முடித்து, சங்கிலி கிலுங்கியதும் தொப்பியைத் தொட்டுவிட்டு எட்டாம் தடத்துக்குப் போனார். அவர் பைச் சக்கரத்தின் கீச்சொலி ஓயும் வரை விர்பி குழாய் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நில அளவைக்காரி அவள். ஒரு கல் எங்கே நட்டிருந்தது என்பதைக் கல் போன பிறகும் சொல்லத் தெரிந்தவள். எழுபது மீட்டருக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இல்லாத கூடைக்கு ஒரு சாண் பக்கத்தில் ஒருத்தி எறிகிறாள் என்றால், அவள் அந்தக் கூடையை இருக்கும்போது பார்த்திருக்கிறாள்.

"எப்போ?" என்றாள்.

"என்னது எப்போ?"

"தார்யா."

தார்யா குனிந்து வட்டை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாதபோதும் கால்சட்டையில் துடைத்தாள். "செப்டம்பர்ல," என்றாள்.

தார்யா பல் மருத்துவமனையில் உதவியாளர். செப்டம்பரில் ஐந்து நாள் பயிற்சிக்கு ஹெல்சின்கி வந்திருந்தாள். அந்த வாரம் விர்பி 'ஜன்னல் வழியா எந்த கோர்ஸாவது தெரிஞ்சா கண்ணை மூடிக்கோ' என்று விளையாட்டாக எழுதியதும், 'ரூம்லதான் கிடக்கேன், செம போர்' என்று பதில் வந்ததும் அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தன.

"அஞ்சு மணிக்கே கிளாஸ் முடிஞ்சிடும்டி. ஹென்னா கார் கொண்டு வந்திருந்தா. சும்மா ஒரு சாயந்திரம்..."

ஹென்னா அதே மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்தவள். ஆடத் தொடங்கி இரண்டு வருஷம்கூட ஆகாதவள்.

"ஒரு சாயந்திரமா?"

தார்யா ஒரு கொசுவை அடித்தாள். "அஞ்சு."

"எந்த அஞ்சு கோர்ஸ்?"

தார்யா வட்டின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"என் பட்டியல்ல இருந்தா?"

"நல்ல பட்டியல்டி அது. ஹென்னாவே சொன்னா, இவ்வளவு கரெக்டா யாரும்..."

"எந்த வரிசைல?"

தார்யாவின் முகம் சிவந்துவிட்டது. "நீ போட்ட வரிசைலதான்."

விர்பி பாறாங்கல்லின் மேல் உட்கார்ந்தாள். வலி முழங்காலில் இல்லை, ஆனாலும் கை அங்கேதான் போய்ப் பிடித்துக்கொண்டது. இந்த நாட்டில் யாரும் மதிப்பெண்ணை வேறெங்கும் எழுதுவதில்லை. எல்லாம் போன் செயலியில்தான். எந்தக் களம், என்றைக்கு, யாரோடு என்று அது பதிந்து வைத்துக்கொள்ளும், நண்பர்களுக்கும் காட்டும். தார்யாவின் கணக்கில் தொண்ணூற்றாறு அப்படியே நின்றிருந்தது. விர்பி அதை எத்தனையோ முறை திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள், எனக்காகக் காத்திருக்கிறாள் என்று.

"மார்க்கை எங்க எழுதினீங்க?"

"பேப்பர்ல."

"பென்சில் யார் கொண்டு வந்தா?"

"என்னடி கேள்வி இது?"

"சொல்லு."

"நான்தான்," என்றாள் தார்யா.

அப்படியானால் 'சும்மா ஒரு சாயந்திரம்' இல்லை. கயானியில், வீட்டில், பெட்டி கட்டும்போதே பென்சில் எடுத்து வைத்திருக்கிறாள். வட்டுகளையும் எடுத்து வைத்திருக்கிறாள். அதற்கு முந்தின ஞாயிறு விர்பி சூசிமாகியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாள்.

"நீ மறுபடி நடக்கவே ஒரு வருஷம் ஆகும்னாங்க," என்றாள் தார்யா. "ஆடுவியான்னே தெரியாதுன்னாங்க. நான் என்ன பண்ணட்டும், நானும் கூடவே படுத்துக்கணுமா?"

"படுத்துக்கோன்னு நான் சொன்னேனா? போய் ஆடுன்னுதான் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா."

"கேட்டா நீ அழுவியேன்னுதான்."

"அழுதிருப்பேன். அழுதுட்டு, எந்தத் தடத்துல எந்த டிஸ்க்னும் சேத்து எழுதிக் கொடுத்திருப்பேன்."

பாதியில் ஆட்டத்தை விட்டுப் போகிற பழக்கம் இருவருக்கும் இல்லை. எழுந்து ஏழாம் தடத்தை முடித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு குருட்டுத் தடத்திலும் விர்பி தானே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பதினான்காம் தடத்தில் ஏற்றம் செங்குத்து.

"கூடை மூணாவது பைனுக்குப் பின்னாடி இருக்கு. ஏறாதே, கால் போயிடும்," என்றாள் தார்யா.

விர்பி காதில் வாங்காமல் பாறையைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கூடை மூன்றாவது பைனுக்குப் பின்னால்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் எந்தக் களத்திலும் வராத ஓர் எரிச்சல் அவளுக்கு வந்தது. கூடை வேறு எங்காவது இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். இறங்கி வந்து எறிந்தாள்.

பதினெட்டாம் தடம் முடிந்ததும் தார்யா போனை எடுத்தாள்.

"தொண்ணூத்தேழுன்னு போட்டுடட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"உன்னோடதுல போட்டா செப்டம்பர் தேதி போடு. ஹென்னா பேரையும் போடு. என்னோடதை நான் போட்டுக்கறேன்."

"விர்பி, நான் சொல்றதைக் கேளு. ராந்தபெல்தோ நான் ஆடலை. ஹென்னா கூப்பிட்டா, நான் வரலைன்னுட்டேன். அது நமக்குன்னு விட்டு வெச்சேன். சத்தியமா. நாளைக்குப் போலாம். சேர்ந்து."

அந்தச் 'சத்தியமா'வைக் கேட்டதும் விர்பி முதல் முறையாகச் சிரித்தாள். "ஆறாவது சாயந்திரம் இருந்திருந்தா?"

அதற்குத் தார்யாவால் பதில் சொல்ல முடியாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

களத்து வாசலில் ஒரு மேசையும் பெஞ்சும் கிடந்தன. ஆர்வோ அங்கே உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் மூடியைத் தூக்கிக் காட்டினார்.

"வாங்கம்மா. எப்படி இருந்தது எங்க காடு?"

"நல்லா இருக்குங்க," என்றாள் விர்பி.

"பொய் சொல்றீங்க. ரெண்டு பேர் மூஞ்சியும் பல் பிடுங்கின மாதிரி இருக்கு." அவர் கறுப்பு ரொட்டித் துண்டைக் கடித்தார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு இங்க ஜோடி ஆட்டம் இருக்கு, சனிக்கிழமை சனிக்கிழமை நடக்கும். என் ஜோடிக்காரன் இடுப்பு பிடிச்சுப் படுத்துட்டான். உங்கள்ல யாராவது வர்றீங்களா? ஜெயிச்சா ஒரு டிஸ்க் கொடுப்பாங்க. அசிங்கமான கலர்லதான் இருக்கும்."

"நான் வர்றேன்," என்றாள் விர்பி.

தார்யா திரும்பினாள். "இங்கயா? மறுபடியுமா? ஆறு மணி நேரம் ரயில்ல வந்துட்டு, ஆடின கோர்ஸ்லயே போய் ஆடறவங்க யாருடி இருக்கா?"

"இன்னிக்கு நான் கோர்ஸைப் பாக்கவே இல்ல," என்றாள் விர்பி. "ஏழாவதுக்கு அப்புறம் உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன்."

ஆர்வோ ரொட்டியை மென்றபடி ஒருத்தியையும் இன்னொருத்தியையும் பார்த்தார். பிறகு பிளாஸ்கை மூடுவதில் மும்முரமானார்.

"அப்போ நான்?" என்றாள் தார்யா.

"உனக்கு ராந்தபெல்தோ இருக்கு. விட்டு வெச்சிருக்கியே."

டிராம் நிறுத்தத்துக்கு ஒரே பாதைதான். விடுதியும் ஒன்றுதான், அறையும் ஒன்றுதான். எனவே இருவரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள், தார்யா ஒரு பத்தடி பின்னால். வண்டி வந்தது. உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. தார்யா ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையிலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விர்பியின் முழங்கால் வீங்கி, பட்டைக்குள் நாடி துடித்தது. அவள் கம்பியைப் பிடித்தபடி, நகர மையம் வரை, பதினொரு நிறுத்தங்கள், நின்றுகொண்டே வந்தாள்.